அருகில் உள்ள இடம்

"அண்ணி, திங்கக்கிழமையிலேர்ந்து நானும் உங்க ஆபீஸுக்குத்தான் வரப்போறேன். உங்க டாக்டரம்மா போன்லயே சரின்னுட்டாங்க!"

நாத்தனார் இதைச் சொன்னபோது அண்ணி தன் ஏழு வயதுக் குழந்தையின் பள்ளிப்பையில் தண்ணீர்ப் பாட்டிலைச் செருகிக்கொண்டிருந்தாள். பாட்டில் பாதியிலேயே நின்றது. ஆனாலும் முகம் மட்டும் எப்படியோ சிரித்துவிட்டது.

"என்ன வேலையாம்?" என்று கணவன் கேட்டான்.

"மருந்தை இனிமே வீட்டுக்கே அனுப்பப்போறாங்களாம். விலாசம் சரிபாக்க, போன்ல பேச ஆள் வேணுமாம். பேசறதுக்கு ஆள்னா என்னை விட்டா யாரு?"

"அது சரி. ரேடியோவுக்கு வேலை கிடைச்சிடுச்சு. இனிமே பகல்ல வீடு நிம்மதியா இருக்கும்."

"உனக்கு வீட்ல நிம்மதி. பாவம், அண்ணிக்குத்தான் ஆபீஸ்லயும் தொல்லை" என்று சொல்லிவிட்டு நாத்தனார் துவைத்த துணி வாளியைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போனாள். துணி காயப்போடுவது அந்த வீட்டில் அவள் வேலை. யாரும் அவளிடம் கொடுத்ததில்லை. ஏழு வருஷமாக அவளாகவே எடுத்துக்கொண்டது. மற்ற எந்த வேலைக்கும் நாலு தரம் கூப்பிட வேண்டும். வாளியை மட்டும் யாரும் தொடுவதற்குள் தூக்கிவிடுவாள்.

மருத்துவமனையில் அண்ணிக்கு மெல்லிசு என்று பெயர். ஆளைப் பார்த்து வைத்த பெயரில்லை, குரலைக் கேட்டு மருந்துக்காரர் வைத்தது. "அந்தம்மா பேசறதைக் கேக்கணும்னா மின்விசிறியை நிறுத்தணும்" என்பார். மனசு சரியில்லாதவர்கள் வந்து பேசிவிட்டு, மருந்து வாங்கிப் போகிற சின்ன இடம் அது. கீழே மருந்துக்கடையும் பதிவு மேசையும், மேலே டாக்டரம்மாவின் அறையும் கோப்பு அறையும். வருகிறவர்களின் பெயர், வயது, விலாசம், டாக்டரம்மா எழுதித் தருகிற குறிப்பு எல்லாவற்றையும் கணினியில் ஏற்றுவது மெல்லிசின் வேலை. நாலு வருஷமாகிறது. எட்டாம் வகுப்போடு நின்றவளுக்கு இந்த நாற்காலி கிடைத்ததை இன்றைக்கும் நம்ப முடியாமல் சில காலைகளில் உட்காருவதற்கு முன்னால் அதன் முதுகை ஒரு முறை தொட்டுக்கொள்வாள்.

வேலைக்கு வருவதற்கு முன்பே அந்த இடத்துக்கு அவள் வந்திருக்கிறாள் என்பது இப்போது அங்கே இருப்பவர்களில் டாக்டரம்மாவைத் தவிர யாருக்கும் தெரியாது. குழந்தை பிறந்து மூன்றாவது மாதம். துணி காயப்போடப் போனவள் குழந்தையைத் தோளில் சாய்த்திருந்தாள். மூன்றாம் மாடிப் பால்கனி. கீழே ஒருவர் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். சும்மா எட்டிப் பார்த்தாள். குழந்தையைக் கீழே போட்டுவிடுவேனோ என்று அப்போது ஒரு நினைப்பு வந்தது. போட வேண்டும் என்ற எண்ணமில்லை, கடவுளே, ஒருநாளும் இல்லை. தன் கையே தன் பேச்சைக் கேட்காமல் போய்விடுமோ என்கிற பயம். உள்ளே ஓடிவந்து குழந்தையைத் தரையில் படுக்கவைத்துவிட்டு, அதிலிருந்து எட்டு அடி தள்ளி உட்கார்ந்துகொண்டாள். அப்புறம் அந்த நினைப்பு தினமும் வந்தது. குழந்தை அழுதால் தூக்கப் பயம், தூக்கினால் நிற்கப் பயம்.

அந்த நாட்களில் நாத்தனார் படித்துக்கொண்டிருந்தாள். மத்தியானம் வந்ததும் பையை எறிந்துவிட்டு, "என் செல்லத்தைக் குடுங்க அண்ணி, நீங்க போய்ப் படுங்க" என்று பிடுங்கிக்கொள்வாள். எதையும் கேட்க மாட்டாள். ஊர்க்கதையெல்லாம் குழந்தையிடம் பேசுவாள். சுவருக்கு அந்தப் பக்கம் படுத்துக்கொண்டு மெல்லிசு அந்தப் பேச்சைக் கேட்டபடியே தூங்கிப்போவாள். இடுப்பு வலி என்று வீட்டில் சொல்லிவிட்டு டாக்டரம்மாவிடம் வந்தது அதற்குப் பிறகுதான். "இது வியாதிம்மா. நிறையப் பேருக்கு வரும், போயிடும். நீ கெட்டவ இல்ல" என்று டாக்டரம்மா சொன்னார். அவ்வளவுதான் சொன்னார். அதைக் கேட்டு ஒரு மணி நேரம் அழுதாள். ஒரு வருஷம் மருந்து. போயே போய்விட்டது.

நினைப்பு போய்விட்டது, ஆனால் அதை எழுதிய வரி கணினியில் இருக்கிறது. குழந்தை என்றால் உயிரை விடுகிற நாத்தனார் திங்கட்கிழமை வந்து பக்கத்து மேசையில் உட்காரப்போகிறாள். அந்த வரியைப் படித்தால் ஒன்றும் கேட்க மாட்டாள். ஆனால் குழந்தை கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கும்போது ஒரு பார்வை பார்ப்பாள். மெல்லிசால் அந்த ஒரு பார்வையைத் தாங்க முடியாது.

ஒரே ஒரு ஆறுதல் இருந்தது. மேலே கோப்பு அறையில் பத்து நாளாக ஒரு பெண் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். கண்ணாடி, கசங்கிய சட்டை, கேட்காமலே மற்றவர்களின் பேனாவை எடுத்துக் காதில் செருகிக்கொள்ளும் பழக்கம். மருந்துக்காரர் அவளுக்குச் சாவிக்காரம்மா என்று பெயர் வைத்திருந்தார். மருந்தை வீட்டுக்கு அனுப்பத் தொடங்கினால் வெளி ஆட்களும் கணினிக்குள் வருவார்கள் என்பதால் டாக்டரம்மா அவளை வரவழைத்திருந்தார். பதிவேட்டில் யார் கண்ணிலும் படக் கூடாத பத்திகளையெல்லாம் அவள் பூட்டிக்கொண்டிருந்தாள். நோய், மருந்து, குறிப்பு. பூட்டியபின் அவை எழுத்தாகவே இருக்காது. கிறுக்கல் போல ஆகிவிடும். டாக்டரம்மா தன் பெயரில் உள்ளே வந்தால் மட்டும் கிறுக்கல் மறுபடி எழுத்தாகும். பதிவேட்டையே யாராவது திருடிக்கொண்டு போனாலும் கிறுக்கலைத்தான் கொண்டுபோவார்கள், ஏனென்றால் சாவி இருப்பது வேறொரு கணினியில்.

"சாவியே தொலைஞ்சு போச்சுன்னா?" என்று மருந்துக்காரர் கேட்டார்.

"அப்புறம் என்னாலயும் திறக்க முடியாது, உங்க டாக்டரம்மாவாலயும் முடியாது. எல்லாரும் முதல்லேர்ந்து வந்து அழுதுட்டுப் போகணும். அதனாலதான் சாவியை ரெண்டு இடத்துல வெச்சிருக்கேன்."

நாத்தனாருக்கு வேலை கிடைத்த அன்று மெல்லிசு மாடியேறி, கோப்பு அறைக் கதவருகே நின்று, "திங்கக்கிழமைக்குள்ள முடிஞ்சிடுமாங்க?" என்று கேட்டாள். பத்து நாளில் அவளிடம் பேசிய முதல் வார்த்தை அது.

"வெள்ளிக்கிழமையே முடிச்சிடுவேன். ஏன், உங்களுக்கு ஏதாவது அவசரமா?"

"இல்ல, சும்மாத்தான்."

சொன்னபடியே வெள்ளிக்கிழமை மத்தியானம் சாவிக்காரம்மா கீழே இறங்கி வந்தாள். "பூட்டியாச்சு. திறந்து பாத்து, பழசோட ஒப்பிட்டு, மூணு தரம் சரிபாத்துட்டேன். நீங்களும் பத்துப் பதிவு திறந்து பாருங்க. எதுலயாவது குறிப்பு தெரிஞ்சா ஒரு குரல் குடுங்க. உங்க குரல் கேக்காது, வேணாம், ஏறி வந்துடுங்க."

மெல்லிசு திறந்து பார்த்தாள். முதல் பதிவில் குறிப்பு இருந்த இடத்தில் சின்னப் பூட்டுப் படம். இரண்டாவதிலும் பூட்டு, ஐந்தாவதிலும் பூட்டு. பிறகு யாரும் பார்க்கிறார்களா என்று திரும்பிப் பார்த்துவிட்டுத் தன்னுடைய எண்ணை அடித்தாள். ஆயிரத்து நூற்று நாற்பத்தாறு. குறிப்பில் பூட்டு இருந்தது. உயிர் போய் உயிர் வந்தது. அப்படியே கண் கீழே இறங்கியது.

விலாசத்துக்கு அடியில் 'அருகில் உள்ள இடம்' என்று ஒரு பெட்டி. விலாசம் கண்டுபிடிக்க உதவியாகப் பக்கத்தில் பள்ளிக்கூடமோ பாலமோ இருந்தால் எழுதுவதற்காக வைத்தது. அதில் இருந்தது இது: 'துணி உலர்த்தும்போது குழந்தையைக் கீழே போட்டுவிடுவேனோ எனப் பயம். வீட்டாருக்குத் தெரியாது.'

எப்படி மறந்தாள்? குறிப்புப் பெட்டி நூற்றைம்பது எழுத்துக்கு மேல் வாங்காது. டாக்டரம்மாவின் குறிப்போ எப்போதும் பெரிது. மெல்லிசுக்கு முன்னால் இந்த மேசையில் இருந்த அக்கா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள்: மிச்சத்தைக் கீழே, சும்மா கிடக்கிற அந்தப் பெட்டியில் எழுதிவிடுவது. "அதை யாரும் பாக்கறதில்ல, தைரியமா எழுதும்மா" என்று மெல்லிசுக்கும் அதையே சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாள். குறிப்பு பாதியில் நின்றால் டாக்டரம்மாவின் கண்ணும் பழக்கத்தில் தானாகக் கீழே போகும். அதனால் யாருக்குமே அது தவறாகப் படவில்லை. இப்போது மருந்துப் பொட்டலத்தின் மேல் ஒட்டுகிற சீட்டில் அச்சாகப்போவது பெயர், விலாசம், அருகில் உள்ள இடம். கொண்டுபோகிறவர் முதலில் பார்ப்பது அதைத்தான். நாத்தனார் திங்கட்கிழமை திறந்துவைத்துக்கொண்டு உட்காரப்போவதும் அதைத்தான்.

அந்தப் பெட்டியில் எழுத மெல்லிசுக்கு உரிமை உண்டு, அழிக்கவும் உண்டு. சுட்டியை வரியின் கடைசியில் வைத்தாள். அழிக்கும் விசையை ஒரு தரம் அழுத்தினாள். முற்றுப்புள்ளி போயிற்று. இன்னும் எண்பது தரம் அழுத்தினால் போதும், காதும் காதும் வைத்தாற்போல் முடிந்துவிடும்.

விரல் அப்படியே நின்றது. அவள் கையால் ஏற்றிய வரிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகம் வந்தன. பாலத்தின் மேல் வண்டி ஓட்டப் பயப்படுகிற ஓட்டுநர். செத்துப்போன மகனுக்கு இன்னும் தட்டு வைக்கிற அம்மா. கல்யாணம் நிச்சயமான பெண், 'மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரியக் கூடாது'. அவர்கள் வீட்டுக் கதவுகளில் சீட்டு ஒட்டிய பொட்டலம் போய் நிற்கும். பக்கத்து வீட்டார் வாங்கி வைப்பார்கள். படிக்கத் தெரிந்த யாரும் படிப்பார்கள். தன்னுடையதை மட்டும் துடைத்துவிட்டு எழுந்து போக முடியவில்லை. முற்றுப்புள்ளியைத் திரும்ப வைத்தாள். மாடியேறினாள்.

சாவிக்காரம்மா பையை மூடிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு சொல்லணுங்க."

"சொல்லுங்க... என்னங்க? கேக்கல." சாவிக்காரம்மா எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினாள். "ம், இப்போ சொல்லுங்க."

மெல்லிசு சொன்னாள். அக்கா கற்றுக்கொடுத்த வழியை முதலிலிருந்து சொல்லி முடித்தாள். சாவிக்காரம்மா காதிலிருந்த பேனாவை எடுத்து மேசையில் வைத்தாள். மெதுவாக உட்கார்ந்தாள்.

"எத்தனை பேரோடது இப்படி இருக்கும்?"

"நான் போட்டது நானூறு இருக்கும். எனக்கு முன்னாடி இருந்த அக்கா போட்டது தெரியல."

"அட கடவுளே." நெற்றியில் கை வைத்துக்கொண்டவள் கொஞ்ச நேரத்தில் சிரித்துவிட்டாள். "பத்து நாளா கதவுக்கெல்லாம் பூட்டுப் போட்டுட்டு, ஜன்னலை அகலத் திறந்து வெச்சுட்டுக் கிளம்பியிருப்பேன். நல்லவேளை சொன்னீங்க. சரி, ஒரு பதிவு எண் குடுங்க. எப்படி எழுதியிருக்குன்னு பாத்தாத்தான் என்ன பண்றதுன்னு தெரியும்."

யாருடையதைக் கொடுப்பது? ஓட்டுநருடையதையா, அந்த அம்மாவுடையதையா? அவர்கள் இவளை நம்பித்தான் சொன்னார்கள், இவள் யாரிடமும் கேட்காமல் எப்படிக் கொடுப்பாள்? கையில் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"ஆயிரத்து நூத்தி நாப்பத்தாறு."

பதிவு திறந்தது. மேலே பெயர். தினமும் காலையில் மெல்லிசு கணினிக்குள் வரும்போது அடிக்கிற அதே பெயர். சாவிக்காரம்மாவின் விரல்கள் ஒரு கணம் நின்றன. பிறகு அவள் இடது உள்ளங்கையைத் தூக்கித் திரையில் அந்த வரியின் மேல் வைத்து மூடினாள். மூடியபடியே வலது கையால் ஏதோ அடித்தாள்.

"நான் படிக்கலைங்க. எத்தனை எழுத்துன்னு மட்டும் எண்ணச் சொல்லியிருக்கேன்" என்றாள், திரையைப் பார்த்தபடி. "இந்தப் பெட்டியை அப்படியே பூட்டிடறேன், நெசமான அடையாளம் எழுதினது எது, குறிப்பு எதுன்னு பிரிச்சுப் பாத்துட்டு இருக்க வேணாம். பிரிக்கணும்னா யாராவது படிக்கணுமே. பூட்டினதை டாக்டரம்மா மட்டும் பாக்கட்டும். மருந்து அனுப்பறதுக்குப் புதுசா காலிப் பெட்டி ஒண்ணு வெச்சுடறேன், எல்லாருக்கும் போன் பண்ணிக் கேட்டு எழுதிக்கட்டும். குறிப்புப் பெட்டியையும் பெருசாக்கிடறேன், இனிமே யாரும் வழிய விட வேண்டியதில்ல. பழைய நகல் எங்கெங்க இருக்குன்னு தேடி அதையும் அழிக்கணும். நாளைக்கும் வரணும், அவ்வளவுதான்."

மெல்லிசு தலையாட்டினாள்.

"இன்னொண்ணு." சாவிக்காரம்மாவின் குரலும் மெல்லிசாகிவிட்டிருந்தது. "போன் பண்ணிக் கேக்கற பட்டியல்ல எல்லாரோட பேரும் வரும், பழைய ஆளுங்களும் சேத்து. இந்த ஒரு பதிவை வேணா பட்டியல்லேர்ந்து எடுத்துடட்டுமா? ஒரு நிமிஷ வேலை. டாக்டரம்மாகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு எடுத்துடலாம்."

திங்கட்கிழமை வரப்போகிறவளைப் பற்றி மெல்லிசு நினைத்தாள். பெயர் இல்லாவிட்டால் கவலையே இல்லை. ஆனால் பெயர் இல்லாவிட்டால் இங்கே வந்து அழுத அந்த நாளும் இல்லை, 'நீ கெட்டவ இல்ல' என்று ஒருத்தர் சொன்னதும் இல்லை. இங்கே வந்தது எப்படி வெட்கமாகும்? வராமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

"வேணாங்க" என்றாள். "எல்லாரோட பேரும் இருக்கற இடத்துலயே இருக்கட்டும்."

சனிக்கிழமை முழுக்க சாவிக்காரம்மா வேலை பார்த்தாள். நன்றி என்று சொல்ல மெல்லிசுக்கு வாய் வரவில்லை. மணிக்கு ஒரு தரம் டீ கொண்டுபோய் வைத்தாள். ஐந்தாவது டீயைப் பார்த்ததும், "இன்னொண்ணு குடிச்சா நானே உங்ககிட்ட பேர் பதிஞ்சுக்க வேண்டியதுதான்" என்றாள் சாவிக்காரம்மா. போகும்போது அவளைப் பக்கத்தில் உட்காரவைத்து, பூட்டிய பெட்டி உள்ளே எப்படி இருக்கிறது என்று காட்டினாள். ஒரு வரி முழுக்க எழுத்தும் எண்ணும் குறியும் கலந்து, வாயில் நுழையாத கிறுக்கல். மெல்லிசு அதை ஒரு முறை படிக்கப் பார்த்தாள், முடியவில்லை. தன்னுடைய வாழ்க்கையிலேயே மோசமான நினைப்பு அதற்குள் எங்கேயோ பத்திரமாக இருந்தது. அவளைத் துன்புறுத்தாமல், யாரையும் பயமுறுத்தாமல், மடக்கி வைத்த போர்வை மாதிரி.

திங்கட்கிழமை ரேடியோ வந்து உட்கார்ந்தது. பட்டியல் எண்வரிசையில் போயிற்று. "வணக்கம்ங்க, மருந்து வீட்டுக்கு அனுப்பறோம்ல, உங்க வீட்டுக்குப் பக்கத்துல என்ன இருக்கு? ... மரமா? என்ன மரம்? ... அடப்பாவமே, வெட்டிட்டாங்களா? அப்போ வெட்டின மரம்னே எழுதிக்கறேன்." ஒவ்வொருவருக்கும் பத்து நிமிஷம். மருந்துக்காரர் காதில் பஞ்சு வைத்துக்கொள்வதாக நடித்துக் காட்டினார். ஆனால் போன் பேசிய பிறகு வயதானவர்கள் ரெண்டு பேர் சும்மாவே திரும்பக் கூப்பிட்டு, அந்தப் பொண்ணு இருக்கிறாளா என்று கேட்டார்கள்.

மெல்லிசு மனசுக்குள் கணக்குப் போட்டபடி இருந்தாள். ஒரு நாளைக்கு நாற்பது. தொடங்கியது ஆயிரத்து ஐம்பதில். புதன்கிழமை மத்தியானம் வந்துவிடும்.

புதன்கிழமை மத்தியானம், "சரிங்கம்மா, வெச்சுடறேன்" என்று நாத்தனார் போனை வைத்தாள். அடுத்த போனை எடுக்கவில்லை. மெல்லிசு தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள், அதில் என்ன இருந்தது என்று கேட்டால் சொல்லியிருக்க மாட்டாள். பக்கத்து மேசையில் விசைகள் தட்டப்படும் ஓசை கேட்டது, நின்றது, மறுபடி கேட்டது. பிறகு, "வணக்கம்ங்க, மருந்து வீட்டுக்கு அனுப்பறோம்ல..."

நாத்தனார் சாப்பிடப் போன பிறகுதான் மெல்லிசு அந்த எண்ணைத் திறந்தாள். மேலே வரிசையாகப் பூட்டுகள். அடியில் புதிய பெட்டியில், எழுத்துப் பிழையோடு, அவசரமாக அடித்தது:

'மூனாம் மாடி. நீலக் கதவு. வாசல்ல சிவப்பு சைக்கிள் நிக்கும். பெல் அடிச்சா குழந்தைதான் ஓடி வந்து திறக்கும்.'

பிழையைத் திருத்த அவளுக்கு உரிமை உண்டு. திருத்தவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நாத்தனார் வெட்டின மரத்தைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். உள்ளே நுழைந்ததும் பையை எறிந்துவிட்டு, காலையில் ஊறவைத்துப் போன படுக்கை விரிப்பை அலசிப் பிழிந்து வாளியில் போட்டுக்கொண்டு பால்கனிக்குப் போனாள். குழந்தை பின்னாலேயே ஓடியது. மெல்லிசு கூடத்திலேயே நின்றாள், பால்கனிப் பக்கம் போகாமல் ஏழு வருஷமாக நிற்கிற இடத்தில்.

"அண்ணி!" என்று குரல் வந்தது. "இது என் ஒருத்தி கைக்கு அடங்காது. வந்து அந்த முனையைப் பிடிங்க."

மெல்லிசு போனாள். வெயில் இன்னும் இருந்தது. ஈர விரிப்பின் ஒரு முனையை நாத்தனார் நீட்டினாள், அவள் வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் பின்னால் நகர்ந்து இழுத்தார்கள். நடுவில் விரிப்பு காற்றில் புடைத்தது. குழந்தை அதன் அடியில் புகுந்து, அம்மாவா அத்தையா என்று பார்க்காமல் இருவர் கால்களையும் மாறி மாறித் தொட்டுவிட்டு, மறுபக்கம் நனைந்த தலையோடு வெளியே வந்தது.